ஆறாவது மூட்டை

கெங்கம்மா கீரைக்கட்டு கொண்டுவந்து இறக்காத நாளில் என் கடை வாசல் மூளியாகத்தான் இருக்கும். சோப்பு, தீப்பெட்டி, ஷாம்பு சரம் எல்லாம் எந்தக் கடையிலும் உண்டு. சடையங்குப்பத்தில் தவசிமுத்து அண்ணாச்சி கடை என்றால் கீரைதான். காலை ஆறு மணிக்கெல்லாம் ஈரச்சாக்கில் சுற்றித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்குவாள். "தண்ணி தெளிச்சிகினே இரு அண்ணாச்சி. வாடிப்போச்சின்னா என்னிய சொல்லாத" என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டுப் போவாள். கடை அவளுடையதா என்னுடையதா என்று வாங்க வருகிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கார்த்திகை வெள்ளத்தோடு அது நின்றுபோனது.

வெள்ளம் எங்களுக்குப் புதிதில்லை. பள்ளமான இடம், வரும், முழங்கால் வரை நிற்கும், வடியும். தூத்துக்குடிப் பக்கமிருந்து இங்கே வந்து கடை போட்ட இருபத்திரண்டு வருஷத்தில் அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றாத வருஷம் குறைவு. இந்தத் தடவை வந்த தண்ணீர் அனல்மின் நிலையத்துக் குட்டையிலிருந்து நிலக்கரிச் சாம்பலைக் கரைத்துக்கொண்டு வந்தது. அது வடிந்தபோது கெங்கம்மாவின் இருபது சென்ட் நிலத்தில் ஒரு சாண் கனத்துக்குச் சாம்பல் சேறு தங்கிவிட்டது. வெயில் பட்டதும் வெளுத்து மாவாகிவிட்டது. கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். தண்ணீர் ஊற்றினால் குடித்துவிட்டு அடுத்த நிமிஷமே காய்ந்து கிடக்கும். தையில் ஒரு தடவை விதைத்தாள், மாசியில் ஒரு தடவை. இரண்டு தடவையும் கீரை விரல் உயரம் வந்து மஞ்சளாகி நின்றுவிட்டது.

"போட்ட யூரியா ரெண்டு தண்ணிக்கி தாங்கல அண்ணாச்சி. எங்க போவுதுன்னே தெரில. பாதாளத்துல எவனாவது வாயத் தொறந்துகினு குந்தினுகிறானா?"

அவள் சிரித்துக்கொண்டு கேட்டாலும் அந்த நிலத்தை நம்பி ஒரு காரியம் இருந்தது. அவள் புருஷன் சின்னப்பையன் மணலி ரோட்டில் ஒரு கல்மாவு மில்லில் பதினோரு வருஷமாக அரவை மெஷினில் நிற்கிறவன். வெங்கச்சங்கல், ஜிப்சம் என்று எது லாரியில் வந்தாலும் அரைத்து மூட்டை கட்டுகிற மில். வேலை முடிந்து வரும்போது புருவம், காது, மூக்கு எல்லாம் வெள்ளை. ஐப்பசியில் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சில் தூசி கட்டிவிட்டது, இந்த வேலையை விட்டால்தான் இருக்கிறதையாவது காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டார். அதற்கென்ன, நிலம் இருக்கிறது, இரண்டு பேருமாகக் கீரை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தார்கள். அடுத்த மாதம் வெள்ளம் வந்தது.

அதனால் அவன் மில்லுக்கே போய்க்கொண்டிருந்தான். என் கடைக்கு வருகிற பத்துப் படியும் அவனுக்கு இரண்டு தவணை. நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஜல்பு" என்பான். ஆறு மாதமாக என்ன ஜலதோஷம்? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். யார்மேல் எரிச்சல் என்றுதான் தெரியாது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து என் அண்ணன் மகள் ஜெஸ்லின் வீட்டுக்கு வந்திருந்தாள். அதே மில்லில் மாவைச் சோதித்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. கெங்கம்மா உப்புப் பாக்கெட் வாங்க வந்தவள், வழக்கமான புலம்பலை அவிழ்த்துவிட்டாள். ஜெஸ்லின் கையிலிருந்த அதிரசத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் இப்ப எந்தக் கல்லு அரைக்கிறாரு?"

"இன்னாவோ பச்சையா கீதாம். கப்பல்ல வந்துதாம். எரிமலைக் கல்லுன்னு சொல்லிகினு இருந்துச்சி."

"அதேதான். ஜியோலைட்டுன்னு பேரு. எரிமலை கக்கின சாம்பல் லட்சக்கணக்கான வருஷம் இறுகிக் கல்லானது. உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பொந்தா இருக்கும். உரத்தை அந்தப் பொந்துல பிடிச்சு வச்சுக்கிட்டு, வேர் வந்து கேட்டா கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கும். எரிமலைச் சாம்பல் மண்ணுல விவசாயம் பண்ற நாடுங்க இருக்கு. அங்கயும் இதே தொந்தரவுதான், போட்ட உரம் மழையில கழுவிட்டுப் போயிரும். அவங்க இந்த மாவைத்தான் மண்ணுல கலக்காங்க."

"நம்பள்து எரிமலை இல்லியேம்மா. கரிச் சாம்பல்."

"ரெண்டுக்கும் வியாதி ஒண்ணுதான் அக்கா. வச்சுக்கத் தெரியாது."

கெங்கம்மா உப்பை மறந்துவிட்டுப் படியில் குந்திவிட்டாள். ஜெஸ்லின் ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாள். மாவை வெறுமனே கொண்டுபோய் மண்ணில் கொட்டக்கூடாது. அது பசியோடு இருக்கும், செடிக்கு இருக்கிறதையும் பிடுங்கிக்கொள்ளும். யூரியாவைக் கரைத்த தண்ணீரிலோ சாணக் கரைசலிலோ ஒரு வாரம் ஊறப்போட வேண்டும். வயிறு நிறைந்த பிறகுதான் மண்ணுக்குப் போக வேண்டும்.

"மொதல்ல அதுக்கு சோறு போடணும்னு சொல்ற" என்றாள் கெங்கம்மா.

மறுவாரம் ஆறு மூட்டை வந்து சேர்ந்தது. மில்லில் நனைந்து கட்டிதட்டிப்போனது, விற்பனைக்கு ஆகாது, எடுத்துக்கொண்டு போ என்று சூப்பர்வைசர் லூயிஸ் சொல்லியிருக்கிறார். அதோடு சின்னப்பையனுக்கு ஒரு மாத லீவும் கொடுத்தார். ஒரு மாதத்துக்குமேல் மெஷினைக் காலியாக வைக்க முடியாது, வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்பதையும் சொல்லித்தான் கொடுத்தார். ஊறப்போட ஒரு வாரம், கீரைக்கு இருபத்திரண்டு நாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மீன்பாடி வண்டியில் மூட்டைகளைப் போட்டுக்கொண்டு சின்னப்பையன் பின்னால் தள்ள முடியாமல் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்து, கல்லாவை விட்டு இறங்கி நானும் ஒரு கை கொடுத்தேன். வாழ்நாளில் நான் வண்டி தள்ளியது அன்றைக்குத்தான்.

இனி நான் செய்த உபகாரத்தைச் சொல்ல வேண்டும்.

அவர்கள் நிலத்தில் ஓர் ஊற்றுக்குழி உண்டு. மணலில் தோண்டியது, உப்பில்லாத தண்ணீர். ஆனால் வெயில் காலத்தில் நாளைக்குப் பன்னிரண்டு குடம்தான் ஊறும். குடிக்கிற தண்ணீர் லாரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அதற்கு அடிதடி. நிலத்துக்கு இந்தப் பக்கம் நூறடியில் உப்பங்கழி. அதில் தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது.

ஐந்து நீல டிரம்களை வரிசையாக வைத்துக்கொண்டு கெங்கம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். அவர்களுக்குச் சாயாவும் பன்னும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

"ஊத்துத் தண்ணி அம்புட்டும் இதுலயே பூடும். அப்பால பாத்திக்கி இன்னா ஊத்தறது? அந்தப் பொண்ணு நல்ல தண்ணின்னு சொல்லுச்சா, எந்தத் தண்ணின்னு சொல்லுச்சா அண்ணாச்சி?"

ஜெஸ்லின் அதைச் சொல்லவில்லை. தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர்தானே என்று அவள் நினைத்திருப்பாள். சடையங்குப்பத்தில் தண்ணீரில் எத்தனை ஜாதி உண்டு என்று குழாயில் நல்ல தண்ணீர் வருகிற மூலக்கடையில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

"ஊறப்போடத்தானம்மா? குடிக்கவா போற? கழித்தண்ணி போதும்" என்றேன். கடைக்காரன் வாய், கேட்டதற்கெல்லாம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

"அண்ணாச்சி சொல்றது கரீட்டு" என்றான் சின்னப்பையன்.

அவன் இரண்டு குடம் தூக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டான். மீதியெல்லாம் அவள்தான். கழிக்கும் டிரம்முக்குமாக உச்சி வெயிலில் நடந்தாள். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. அதில் மீன் வாடையும் எண்ணெய் வாடையும் கலந்து வந்தன. ஐந்து டிரம்மும் நிறைந்தன. யூரியாவைக் கொட்டிக் கொம்பால் கிண்டினாள். ஆறாவது மூட்டையை என்ன செய்தாள் என்று நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் அந்த மாவை ஐந்து பாத்தியில் கொத்திக் கலந்து முளைக்கீரை தூவினார்கள். அந்த நாட்களில் சின்னப்பையனைப் பார்க்கவே நன்றாக இருந்தது. மில்லுக்குப் போகாததால் முகத்துக்குச் சொந்த நிறம் வந்திருந்தது. மத்தியானம் பழைய சோறும் சுட்ட நெத்திலிக் கருவாடும் கொண்டுவந்து நிலத்தோரம் முள்மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். என்னையும் கூப்பிடுவார்கள்.

"இந்த தபா வந்துடும் அண்ணாச்சி" என்பான். "வந்துச்சின்னா லூயிஸ் சாரண்ட போயி, சார், உன் மெஷின நீயே கட்டிகினு அழுன்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

"ஆமா, கிழிச்ச. அவரு எதிர்ல நிக்கசொல்ல கைய கட்டிகினு நிப்ப" என்பாள் அவள்.

நாலாம் நாள் முளை விட்டது. திட்டுத் திட்டாக, வழுக்கைத் தலையில் முடி மாதிரி. பத்தாம் நாள் இலையோரமெல்லாம் பொசுங்கிச் சுருண்டது. காலையில் போய்ப் பார்த்தால் பாத்திமேல் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. சின்னப்பையன் அதை விரலால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கெங்கம்மா காலிக் குடங்களைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு அன்று ஜெஸ்லினைக் கையோடு அழைத்துக்கொண்டு போனேன். அவள் வெள்ளைப் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குனிந்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

"எந்தத் தண்ணியில ஊற வச்சீங்க?"

கெங்கம்மா கழிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஐயோ அக்கா! அந்தக் கல்லுக்கு இது நல்லது இது கெட்டதுன்னு தெரியாது. எதை நிறையக் குடுக்கீங்களோ அதைப் பிடிச்சு வச்சுக்கும். நீங்க உப்பைக் குடுத்துட்டீங்க. ஒவ்வொரு பொந்துலயும் உப்பு உக்காந்திருக்கு. இப்ப அது செடிக்கு உப்பைத்தான் குடுக்குது."

"நாந்தான் சொன்னேன்" என்றேன். சொல்லாமல் இருந்திருந்தால் கெங்கம்மா என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள், அது தெரியும். அதனால்தான் சொன்னேன்.

"இப்ப இன்னாமா பண்றது?" என்று சின்னப்பையன் கேட்டான்.

"மேல் மண்ணைக் கொஞ்சம் சுரண்டணும். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணிய நிறையக் கட்டி, வடியவிட்டுக் கழுவணும். இப்ப தண்ணி ஏது? மழை வந்துதான் கழுவணும்."

"மயையா? ஆடியாவும்."

"ஆகும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டான். "நாளிக்கி மில்லுக்குப் போறேன்மே. சோத்தக் கட்டி வெய்யி" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகக் கடைக்குத் திரும்பியிருப்பேன்.

வீட்டில் என் மனைவி தேவகிருபை, "உங்க வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதுவே போதுமானதாக இருந்தது.

சித்திரை வெயில் ஏறியது. சின்னப்பையன் காலையில் கடையைத் தாண்டிப் போவான், சாயங்காலம் வெள்ளையாகத் திரும்பி வருவான். இப்போது பத்துப் படிக்கு மூன்று தவணை. ஒருநாள் ஏழாவது படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. சோடா உடைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "அண்ணாச்சி, அவளாண்ட சொல்லாத" என்றான். தலையாட்டினேன். அவள் எதிர்ச் சந்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன்தான் பார்க்கவில்லை.

அவன் மில்லுக்குத் திரும்பிப் பதினேழாம் நாள் இருக்கும். கடை திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தலையில் ஈரச்சாக்கோடு கெங்கம்மா வந்தாள். சாக்கைத் திண்டின்மேல் இறக்கிப் பிரித்தாள். முளைக்கீரை, ஒன்பது கட்டு. இலை அகலமாக, கரும்பச்சையாக, தண்டு மொழுமொழுவென்று இருந்தது. வெள்ளத்துக்கு முன்னால்கூட அவள் நிலத்தில் இப்படிக் கீரை நான் கண்டதில்லை.

"ஏ அம்மா! எங்கேர்ந்து வாங்கியாந்த?"

"வாங்கியாந்தனா? வாய கயுவு. என் கயனில வந்துது."

திண்டிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள். அன்றைக்கு ஐந்து டிரம் ரொப்பி முடிக்கும்போது இடுப்பு விட்டுப்போயிற்றாம். ஆறாவது மூட்டைக்கு டிரம்மும் இல்லை, தெம்பும் இல்லை. மூட்டையை இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்துக்கொல்லை ஜெயவேலுவின் எருமைக் கொட்டகைக்குப் பின்னால், கழுவுத்தண்ணீரும் மூத்திரமும் வந்து தேங்குகிற குழியில் தள்ளிவிட்டாள். பத்துப் பதினைந்து நாள் அதை மறந்தே போனாள். ஐந்து பாத்தியும் பொசுங்கத் தொடங்கிய பிறகு, கிடக்கிறது கழுதை என்று அதை அள்ளி வேலியோரம் ஆறாவது பாத்தியில் கொட்டி, மிச்சமிருந்த விதையைத் தூவியிருக்கிறாள். ஊற்றிய தண்ணீர் அதே ஊற்றுக்குழித் தண்ணீர்தான்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? படிச்ச பொண்ணு மருந்து மாரி சொல்லிட்டுப் போச்சி. நா சோம்பேறித்தனம் பண்ணி மூத்திரக் குயில தள்ளிட்டேன்னா சொல்லுவேன்? அஞ்சும் பொசுங்கினப்போகூட, ஆறாவத ஒயுங்கா ஊற வெக்காத பாவந்தான் இப்பிடி ஆயிப்போச்சோன்னு நெனச்சிகினு இருந்தேன்." மூக்கைச் சிந்திப்போட்டாள். "ஒயுங்கா செஞ்சதுதான் அண்ணாச்சி கெட்டுப்போச்சி."

அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜெஸ்லினுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை முதலிலேயே போட்டேன். அவள் சிரித்துவிட்டாள். எருமை மூத்திரத்தில் இருக்கிற சத்து அத்தனையையும் கல் பிடித்து வைத்துக்கொண்டது, அதைவிட நல்ல தீனி அதற்குக் கிடையாது, இனிமேல் எல்லா மூட்டைக்கும் அதே குழிதான் என்றாள்.

அன்று சாயங்காலம் சின்னப்பையன் மூன்றாம் தவணைக்கு நிற்கும்போதே அவள் கீரைக்கட்டைக் காட்டி, இனி மில்லுக்குப் போக வேண்டாம் என்று வழிமறித்தாள். என் கடைப்படியில்தான் பஞ்சாயத்து.

"ஒரே ஒரு பாத்திமே" என்றான் அவன். "அத்த நம்பி நா வூட்ல குந்திகினு இருக்கவா?"

"குந்திகினு இருன்னு எவ சொன்னா? அஞ்சி பாத்தியயும் சொரண்டணும். மூட்டை வாங்கியாந்து குயில ஊறப்போடணும். கொட்டா கயுவற தண்ணிய சிந்தாம புடிக்கணும். ஜெயவேலண்ட பேசிட்டேன், எட்துக்கோன்னுட்டான். இம்மாம் வேலை கீது. ஒண்ணொண்ணா மெதுவா செய்யி. மூச்சி வாங்குச்சின்னா மரத்தடில படு."

"மில்ல வுட்டா சோத்துக்கு?"

"மில்ல எவன் வுட்டான்? நா போறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மூட்டை வாய் தைக்கிறதுக்கு பொம்பளைங்கள எடுக்கறாங்கன்னு நீதான சொன்ன? லூயிஸ் சாரண்ட அண்ணாச்சி போன்லயே கேட்டுட்டேன். நாளிக்கி வரச்சொன்னாரு."

"அங்கயும் தூசிதாம்மே. நா உள்ள இர்ந்து பாத்தவன். நீ வாணாம். உனுக்கும் மூச்சி வாங்கும்."

"எனுக்கு வாங்கறதுக்கு மூச்சி கீது. உனுக்கு வாங்கறதுக்கு இன்னா கீது?" சத்தம் போட்டுத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. "பதினோரு வருசம் நீ துன்ன. ஆடி வரைக்கும் நா துன்றேன். மயை வந்து உப்ப கயுவிகினு போவட்டும். அப்பால ரெண்டு பேரும் கயனிக்கே பூடலாம்."

அவன் என்னைப் பார்த்தான், நீ ஏதாவது சொல்லேன் என்கிற மாதிரி. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. தூசிக்கு ஆள் தெரியுமா, அதுவும் எது கிடைத்தாலும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமே என்று சொல்லலாம். வேறு என்ன வழி என்று அவள் திருப்பிக் கேட்பாள். என் வாயை நம்பி ஒரு தடவை அவர்கள் கெட்டதே போதும். கீரைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் விடிந்ததும் என் டி.வி.எஸ். வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். மடியில் சோற்றுத் தூக்கு, தோளில் சின்னப்பையனின் துண்டு. எத்தனை தடவை துவைத்தும் அதில் வெள்ளை போகவில்லை. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். மணலி ரோட்டுக் கண்டெய்னர் லாரிகளை நான் எப்படி ஒதுக்கி ஓட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

மில் வாசலில் லூயிஸ் நின்றுகொண்டிருந்தார். அரவை மெஷின் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. கேட்டின் கம்பியெல்லாம் மாவு.

"சின்னப்பையன் ஒடம்பு முடியாம கெடக்கிறானா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நல்லாத்தான் கீறாரு சார். அவருக்கு வேற வேலை வந்துடுச்சி."

"அப்பிடியா! இன்னா வேலை?"

"எருமை மூத்திரம் புடிக்கிறாரு."

லூயிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். கேட்டில் நின்ற வாட்ச்மேனும் சிரித்தான். கெங்கம்மா சிரிக்கவில்லை. "நல்ல காத்துல நின்னுகினு புடிக்கிறாரு சார்" என்றாள். சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, துண்டை மூக்கோடு வாயோடு சுற்றிப் பின்னந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.